66 ஆம் பிரிவு வயல் வழக்கு: மேல் தீர்ப்பைக் காட்டியும் நீதவான் ஏன் வேறு பக்கம் போகிறார்?

வட்டைக்காரன் | 4 மார்ச் 2024, பகல்

நேரே கேட்கிறன். மேல உள்ள நீதிமன்றம் சொன்னதைக் கீழ உள்ளது கேட்கத்தான் வேணும் என்கிறாங்க. மறுகா ஏன் காணித் தகராறுக்கான ஒரே 66 ஆம் பிரிவில் ரெண்டு பக்கச் சட்டத்தரணியும் ஆளுக்கொரு தீர்ப்பை நீட்ட, நீதவான் ஒன்றை எடுத்து மற்றதை விடுறார்? ஆளைப் பார்த்துத்தான் தீர்ப்பு என்பது என்ட எண்ணம். இல்லை என்கிறவங்க விளக்குங்க.

வாவிக்கரை | 4 மார்ச், இரவு

ஆளைப் பார்த்து இல்லை. வழக்கு எந்த வாசலால் உள்ளே வந்தது என்று பார்த்து.

1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தை எடுங்கள். 66(1) இல் இரண்டு வழி. (அ): காணித் தகராறால் சமாதானக் குலைவு வரலாம் என்று பொலிஸ் கருதி, பொலிஸே தகவல் தாக்கல் செய்வது. (ஆ): தகராறுக்காரரில் ஒருவர் சத்தியக் கடதாசியோடு தானே வருவது.

புஞ்சிநோனா எதிர் பதுமசேன, (1994) 2 எஸ்.எல்.ஆர். (இலங்கைச் சட்ட அறிக்கைத் தொகுப்பு) 117, முதலாவது வழியைப் பற்றியது. சமாதானக் குலைவு வரும் என்ற கருத்தைப் பொலிஸ் எடுத்துத் தாக்கல் செய்துவிட்டால் நியாயாதிக்கம், அதாவது வழக்கைக் கேட்கும் அதிகாரம், வந்துவிடுகிறது. நீதவான் அதைத் திரும்பத் தோண்டத் தேவையில்லை. வேலுப்பிள்ளை எதிர் சிவநாதன், (1993) 1 எஸ்.எல்.ஆர். 123, இரண்டாவது வழி. அங்கே பொலிஸ் அறிக்கை இல்லை, அக்கறையுள்ள ஒருவரின் கடதாசி மட்டும்தான். ஆகவே நீதவான் அவதானமாக நடந்து, காணித் தகராறு இருக்கிறதா, சமாதானம் குலையும் நிலை இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டும் மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகள். இரண்டும் இன்றைக்கும் சரி. பொலிஸ் கொண்டுவந்த வழக்கில் எதிர்ப்பக்கம் வேலுப்பிள்ளையை நீட்டினால் நீதவான் அதை ஒதுக்கத்தான் செய்வார். அதற்குப் பெயர் வேறுபடுத்தல். பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு அது மேல் நீதிமன்றத்தை மதிக்காதது போலத் தெரியும்.

நிந்தவூரான் | 5 மார்ச்

மேலுள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். (ஆ) வழியால் போகிறவரின் சத்தியக் கடதாசியில் "சமாதானக் குலைவு ஏற்படக்கூடும்" என்று ஒற்றை வரி போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வேலுப்பிள்ளை சொன்னபடி நீதவான் தானே பார்த்துக்கொள்ள விபரம் வேண்டும்: எந்தத் திகதி, வரம்பில் யார் நின்றது, என்ன கருவி, பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம், வேளாண்மை எந்தப் பருவத்தில் நிற்கிறது. வெட்டுக்கு ஒரு கிழமை இருக்கிற வயலில் சமாதானம் குலையும் என்பதை நம்பவைக்கப் பாடுபடத் தேவையில்லை. தரிசாகக் கிடக்கிற துண்டுக்கு அதையே சொன்னால் கேள்வி வரும்.

வட்டைக்காரன் | 5 மார்ச்

சரி காக்கா, ரெண்டும் மோதல்ல என்கிறீங்க. நிசமாவே மோதினா?

வாவிக்கரை | 6 மார்ச்

அதற்கு முன்னால் ஏணியைச் சொல்ல வேண்டும். சுருக்கமாக.

உயர் நீதிமன்றம் சொன்னது எல்லாருக்கும். மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அதற்குக் கீழுள்ள மாவட்ட, நீதவான், ஆரம்ப நீதிமன்றங்களுக்கும். மாகாண மேல் நீதிமன்றம் மீளாய்வில் (கீழ்க் கட்டளையைத் திரும்பப் பரிசீலிப்பதில்) சொன்னதைக் கீழ் நீதிமன்றம் கேட்கும். பக்கத்திலிருக்கும் இன்னொரு மேல் நீதிமன்றம் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு அடுத்த மாவட்ட நீதிபதியைக் கட்டாது, அந்த நீதிமன்றத்துக்கே அடுத்து வருகிறவரையும் கட்டாது.

ஒரே படியில் இருக்கிறவர்களுக்கிடையே என்ன முறை என்பதற்கு நம் நாட்டில் வழக்கமாகக் காட்டுவது பண்டாஹாமி எதிர் சேனநாயக்க, (1960) 62 என்.எல்.ஆர். (பழைய புதிய சட்ட அறிக்கைத் தொகுப்பு, நியூ லோ ரிப்போர்ட்ஸ்) 313. தனி நீதியரசர் இருவர் ஆயத்தைப் பின்பற்றுவார். இருவர் ஆயம் முந்திய இருவர் ஆயத்தைப் பின்பற்றும். முடியாது என்று பட்டால் தன்பாட்டில் வேறு தீர்ப்பு எழுதாமல் பெரிய ஆயத்துக்கு அனுப்பும். இன்றைய அரசியலமைப்பில் அந்தக் கதவு 132(3) ஆம் உறுப்புரை. பொது முக்கியத்துவமுள்ள கேள்வி என்று பிரதம நீதியரசர் கருதினால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கொண்ட ஆயம் கேட்கப் பணிக்கலாம். தானாகவும் பணிக்கலாம், வழக்கைக் கேட்கும் நீதியரசர்கள் இருவர் கேட்டும் பணிக்கலாம், ஒரு தரப்பு விண்ணப்பித்தும் பணிக்கலாம்.

லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகிற முறையீடு 1971 இல் முடிந்தது. ஆனால் அதன் பழைய தீர்ப்புகள் செத்துப்போகவில்லை.

பாலத்தடி | 6 மார்ச்

நம்மட பொதுச் சட்டம் றோமன் டச்சு. அதில் இப்படித் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிற முறையே கிடையாதே?

வாவிக்கரை | 6 மார்ச், இரவு

உள்ளடக்கம் ஒல்லாந்தரது, நடைமுறை ஆங்கிலேயரது. 1799 செப்டெம்பர் 23 பிரகடனம் இருந்த சட்டத்தைத் தொடர விட்டது; அதை நடத்திய நீதிமன்றங்களோ ஆங்கில முறையில் வளர்ந்தன. அதனால்தான் சொத்துக்கு வூட் என்ற ஒல்லாந்த அறிஞரையும் அவரை விளக்கிய என்.எல்.ஆர். தீர்ப்பையும் ஒரே சமர்ப்பணத்தில் காண்கிறோம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் வெல்வது என்.எல்.ஆர். தான். வூட் சொன்னதைத் திருப்பி எடுக்க வேண்டுமானால் கொழும்புக்குப் போய் எடுங்கள்.

வாவிக்கரை | 8 மார்ச்

மோதல் கேள்விக்கு வருகிறேன். இதுதான் உண்மையில் சுவையான பகுதி.

இராமலிங்கம் எதிர் தங்கராஜா, (1982) 2 எஸ்.எல்.ஆர். 693. உயர் நீதிமன்றம், எழுதியவர் நீதியரசர் சர்வானந்தா. 66 ஆம் பிரிவு வழக்கு என்றாலே முதலில் நீட்டப்படுவது. அதில் இரண்டு விசயம் கிடக்கிறது. ஒன்று, உரித்தை (சொந்தம் யாருக்கு என்பதை) தேடாதே, ஆட்சியைத் தேடு: தகவல் தாக்கலான நாளில் காணி யார் கையில் இருந்தது? இரண்டு, சட்டத்தில் போட்டிருக்கும் கால எல்லைகள் தவறிப்போனதற்காக நியாயாதிக்கம் போகாது. விசாரணை 3 மாதத்துக்குள் முடிய வேண்டும், கட்டளை ஒரு கிழமைக்குள் வர வேண்டும் என்பதெல்லாம் வழிகாட்டல். நீதிமன்றம் தாமதித்ததற்குத் தரப்பாரைத் தண்டிப்பது எப்படி?

அலி எதிர் அப்தீன், (2001) 1 எஸ்.எல்.ஆர். 413. மேன்முறையீட்டு நீதிமன்றம். 66(6) இன்படி விசாரணைக்குத் திகதி போடுமுன் தரப்பாரைச் சமரசத்துக்குக் கொண்டுவர நீதவான் முயன்றிருக்க வேண்டும். முயலாமல் விசாரணைக்குப் போட்டால் நியாயாதிக்கமே இல்லை.

இப்போது ஒரு வழக்கேட்டில் சமரச முயற்சி பற்றி ஒரு குறிப்பும் இல்லை என்று வையுங்கள். தோற்றவர் அலியை நீட்டுவார். வென்றவர் இராமலிங்கத்தை நீட்டி, "உயர் நீதிமன்றமே நடைமுறைத் தவறால் நியாயாதிக்கம் போகாது என்று சொல்லிவிட்டது, அது மேல்படி" என்பார்.

வென்றவரின் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. இராமலிங்கத்தில் தீர்க்கப்பட்டது கால எல்லை. சமரச முயற்சி அங்கே தீர்ப்புக்கு வேண்டிய கேள்வி அல்ல. தீர்ப்பைத் தாங்கி நிற்கிற காரணம் மட்டும்தான் கட்டும். வழியில் சொன்னதெல்லாம் ஒபிட்டர், மதிக்கலாம், விடலாம். ஆகவே படியை மட்டும் வைத்து அலியைத் தள்ள முடியாது.

தள்ள வேறு வழி இருக்கிறது. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு: நியாயாதிக்க ஆட்சேபத்தை முதலிலேயே எழுப்பாமல் வழக்கை நடத்தியவர் பின்னால் அதை எழுப்ப முடியாது. முதற் தவணையில் பேசாமல் இருந்து, சத்தியக் கடதாசியும் எதிர்க் கடதாசியும் போட்டு, தோற்றபிறகு 66(6) ஐத் தூக்கிக்கொண்டு மேல் நீதிமன்றம் போகிறவருக்கு இதுதான் பதில்.

நிந்தவூரான் | 8 மார்ச்

அந்தப் பதில் எப்போதும் எடுபடாது வாவிக்கரையார். நியாயாதிக்கம் அடியோடு இல்லாமற் போவதும் இருந்த நியாயாதிக்கத்தைப் பாவித்த விதம் பிழைப்பதும் ஒன்றல்ல. 39 காப்பாற்றுவது இரண்டாவதை. அலி தீர்ப்பு அதை முதலாவது வகை போல எழுதிவிட்டது, தலையிடி அங்கேதான். வழக்கேட்டில் "சமரசம் பேசப்பட்டது, இணக்கம் இல்லை" என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்பதுதான் மலிவு. வெல்லப்போகிறவர்தான் அதைக் கேட்டு எழுதுவிக்க வேண்டும், தோற்கப்போகிறவர் கேட்கமாட்டார்.

வட்டைக்காரன் | 9 மார்ச்

வெல்லப்போறது தானென்று எல்லாரும்தானே நினைக்கிறாங்க.

நிந்தவூரான் | 9 மார்ச்

அப்போ ரெண்டு பேரும் கேட்பாங்க. இன்னும் நல்லது.

வாவிக்கரை | 11 மார்ச்

நியாயாதிக்கம் அடியோடு இல்லாததும் பாவிப்பில் பிழைத்ததும் என்ற பிரிப்புச் சரி. 8 ஆம் திகதிக் குறிப்பை அதோடு சேர்த்து வாசியுங்கள்.

இரண்டு மாதக் கணக்கைப் பற்றிக் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். 68(3) சொல்வது: பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு ஆட்சியைத் திருப்பிக் கொடுக்கலாம், வெளியேற்றம் தகவல் தாக்கலான நாளுக்கு உடன் முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருந்தால். எண்ணத் தொடங்குவது நீதிமன்றத்தில் தாக்கலான நாளிலிருந்து பின்னோக்கி. பொலிஸில் முறைப்பாடு எழுதிய நாள் கணக்கில்லை. வழக்கு இங்கேதான் அதிகம் சாகிறது. சம்பவம் நடந்த அடுத்த நாளே முறைப்பாடு, பிறகு பொலிஸில் "இரண்டு பக்கமும் வாங்க", பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டம், கமநல சேவை நிலையத்தில் இன்னொரு கூட்டம், வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டைவிதானையார் முன்னால் ஒரு பேச்சு. மூன்றாம் மாதம் பொலிஸ் தாக்கல் செய்யும்போது ஆட்சி மற்றவர் கையில், 68(1) அவர் பக்கம் போய்விடும். பொலிஸ் இழுத்தால் காத்திருக்காமல் (ஆ) வழியால் சத்தியக் கடதாசியோடு போங்கள். போகும்போது மேலே சொன்ன வேலுப்பிள்ளையின் தேவையும் கூடவே வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

வாய்க்கால், வழி, செய்கை பண்ணும் உரிமை போன்றவற்றுக்கு 68 அல்ல, 69. அங்கே கேள்வி யாருக்கு அந்த உரிமை என்பது. 68 வழக்குத் தீர்ப்பை 69 வழக்கில் நீட்டினால் அரைவாசிதான் பொருந்தும்.

பாலத்தடி | 12 மார்ச்

முப்பது வருசமா நாங்கதான் செய்கை பண்றம் என்று காட்ட கொரியா எதிர் இசெரிஸ் அப்புஹாமியை 66 வழக்கில் போடலாமா? சமர்ப்பணங்களில் கண்டிருக்கிறேன்.

வாவிக்கரை | 12 மார்ச், இரவு

கண்டிருப்பீர்கள். அது மீன்பிடிக்க மண்வெட்டி கொண்டுபோகிற வேலை.

கொரியா, (1911) 15 என்.எல்.ஆர். 65, பிரிவி கவுன்சில். கூட்டுச் சொத்துக்காரர் ஒருவரின் ஆட்சி எல்லாருக்காகவுமான ஆட்சி. தனக்கு மட்டும் என்று வெளிப்படையாகப் பிரித்து நிற்காதவரை எத்தனை வருடமும் எண்ணப்படாது. அதை 1918 இல் திலகரத்ன எதிர் பஸ்தியன், 21 என்.எல்.ஆர். 12, முழு ஆயம் கொஞ்சம் இளக்கியது: நீண்டகாலத் தனி ஆட்சியும் விசேட சூழ்நிலையும் சேர்ந்தால் அப்படிப் பிரிந்து நின்றதாக ஊகிக்கலாம். இரண்டும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, அதாவது பத்து வருடம், உரித்து. இவை மாவட்ட நீதிமன்றத்துக்குரியவை. 66 இல் நீதவான் தேடுவது இரண்டு மாதம். பத்து வருடத்தை நிரூபித்தாலும் கடந்த போகத்தில் வெளியே நின்றவர் வெளியேதான். 74(1) இன்படி அந்தக் கட்டளை உரித்து வழக்கைத் தடுக்காது. அங்கே போய்க் கொரியாவையும் பஸ்தியனையும் எடுத்துக்கொள்ளலாம்.

மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும்போது கட்டாயம் எடுக்க வேண்டியது செல்லையா எதிர் விஜேநாதன், (1951) 54 என்.எல்.ஆர். 337. பத்து வருட ஆட்சி என்கிறவர் அது எப்போது தொடங்கியது என்று காட்டவேண்டும், பாரம் அவர் மீது. "அப்பா காலத்திலிருந்து" என்பது தொடக்கம் அல்ல. ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, கமநல நிலையக் காணிப் பதிவேடு, உர மானிய அட்டை, குத்தகை எழுத்து: வருடத்தோடு வரிசையாக வையுங்கள். இடையில் ஐந்து வருடம் வெற்றிடம் என்றால் அதற்கு ஒரு விளக்கமும் வையுங்கள். இடம்பெயர்வு என்றால் எங்கே, எப்போது, காணியில் யார் நின்றது என்று.

கல்லோயாக்கரை | 14 மார்ச்

அம்பாறைப் பக்கம் இதைவிடப் பெரிய பிரச்சினை அரச காணி. உறுதி கையில் இருக்கிறது, பிரதேச செயலாளர் வெளியேறல் அறிவித்தல் ஒட்டிவிட்டார். உறுதி செல்லும் என்ற பழைய தீர்ப்பு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்குமா?

வாவிக்கரை | 15 மார்ச்

கிடைக்கும். கிடைப்பது உதவாது. இதுதான் முன்தீர்ப்பைத் திகதி பார்க்காமல் எடுப்பதன் ஆபத்து.

1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி (ஆட்சி மீட்பு) சட்டம். அறிவித்தலில் குறிக்கும் நாள் 30 நாட்களுக்குக் குறையக்கூடாது. போகாவிட்டால் தகுதிவாய்ந்த அதிகாரி நீதவானிடம் விண்ணப்பிப்பார். 9 ஆம் பிரிவு நீதவானின் கையைக் கட்டிவிடுகிறது: எழுத்துச் சட்டத்தின்படி அரசு கொடுத்த, இன்னும் நடைமுறையிலுள்ள செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது வேறு எழுத்து அதிகாரம். அதைக் காட்டினால் நிற்கலாம். வேறெதையும் கேட்க இடமில்லை. அதிகாரியிடம் சாட்சியம் கேட்கவும் முடியாது. நொத்தாரிசு எழுதிய தனியார் உறுதி அரசின் எழுத்து அதிகாரம் அல்ல. காலாவதியான வருடாந்த அனுமதியும் அப்படியே.

அம்பாறைக்காரருக்கு இதில் ஒரு சொந்தத் தீர்ப்பே இருக்கிறது: பாரூக் எதிர் குணவர்தன, அம்பாறை அரசாங்க அதிபர், (1980) 2 எஸ்.எல்.ஆர். 243. சட்டத்தின் முழு அமைப்பும் முன்விசாரணைக்கு இடம்வைக்கவில்லை என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம்.

பிறகு 1983 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கத் திருத்தம். அதற்கு முன் அதிகாரியின் அபிப்பிராயம் ஓடியது ஆட்சி அனுமதியற்றதா என்பதில். காணி அரச காணியா என்பது வெளியே நின்ற கேள்வி. திருத்தத்தோடு அதுவும் அவரது அபிப்பிராயத்துக்குள் போனது. ஆகவே "முதலில் அரச காணி என்று நிரூபிக்க வேண்டும்" என்ற 1983 க்கு முந்திய தீர்ப்பை இன்று நீதவானிடம் நீட்டினால், அது நல்ல தீர்ப்பாகவே இருக்கலாம், விளக்கிய வாசகம்தான் இப்போது இல்லை. நீதியரசர்கள் மாற்றாத தீர்ப்பைப் பாராளுமன்றம் மாற்றிவிடும். தீர்ப்பை எடுத்தவுடன் அது எந்த வருடத்து வாசகத்தைப் படிக்கிறது என்று பாருங்கள்.

உறுதிக்காரருக்கு வழி 12 ஆம் பிரிவு: வெளியேற்றல் கட்டளையிலிருந்து 6 மாதத்துக்குள் அரசுக்கு எதிராக உரித்து வழக்கு. வென்றால் 13 இன்படி நட்டஈடு. 6 மாதம் தவறினால் கதை வேறு.

கல்லோயாக்கரை | 15 மார்ச்

அறிவித்தலையே இரத்துச் செய்ய மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்கலாம்தானே? கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. கல்முனையில் கொடுத்ததாகவும் சொன்னார்கள்.

வாவிக்கரை | 16 மார்ச்

கல்முனையில் கொடுத்திருந்தாலும் அது மட்டக்களப்பைக் கட்டாது, 6 ஆம் திகதி ஏணியைப் பாருங்கள். அதற்கு மேலே, உயர் நீதிமன்றம் 2013 செப்டெம்பர் 26 இல் ஸ்டாபோர்ட் தோட்ட அத்தியட்சகர் எதிர் சோலைமுத்து ராசு வழக்கில் இந்தக் கதவை மூடிவிட்டது. மாகாண மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணை அதிகாரம் 154பி(4) இன்படி மாகாண சபை நிரலிலுள்ள விடயங்களுக்கு மட்டும்; இதை வீரகம வழக்கு 1994 இலேயே சொல்லியிருந்தது. அரச காணியை மீட்கும் அறிவித்தல் அந்த நிரலுக்குள் வராது என்பதுதான் 2013 இன் தீர்ப்பு. ஆகவே எழுத்தாணைக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம், 140 ஆம் உறுப்புரை, கொழும்பு. நாடுகடந்த தூரம்தான், என்ன செய்ய.

குழப்ப வேண்டாம்: நீதவான் ஏற்கெனவே கட்டளை போட்டுவிட்டால், அதை மீளாய்வு செய்யக் கேட்பது 154பி(3)(ஆ). அது மாகாண மேல் நீதிமன்றத்துக்குரியது. ஒன்று அதிகாரியின் அறிவித்தலைத் தாக்குவது, மற்றது நீதவானின் கட்டளையைத் தாக்குவது.

பாலத்தடி | 18 மார்ச்

சம்பந்தமில்லாத சந்தேகம். யாழ்ப்பாணத்து முற்கொள்வனவு (பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை) தீர்ப்புகளை வைத்து "பங்காளி எனக்குச் சொல்லாமல் வித்துட்டான்" என்று ஏறாவூர்க் காணிக்கு வழக்குப் போடலாமா? மட்டக்களப்பின் பழைய முக்குவச் சட்டம் ஏதும் உதவுமா?

நிந்தவூரான் | 18 மார்ச்

இரண்டும் இல்லை. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுச் சட்டம் வட மாகாணக் காணிக்கு. அதை விளக்கிய தீர்ப்பு எத்தனை உயரத்தில் இருந்து வந்தாலும் ஏறாவூரில் இறங்காது. முக்குவச் சட்டத்தை 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைச் சட்டம் முடித்துவைத்தது. மகளுக்கு வீடுவளவு கொடுக்கிற வழக்கம் நம்மிடம் அப்படியே இருக்கிறது, ஆனால் அது உறுதி எழுதினால்தான் செல்லும். முஸ்லிம் வாரிசுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம்.

வட்டைக்காரன் | 20 மார்ச்

ஆளைப் பார்த்துத் தீர்ப்பு என்றதைப் பாதி வாபஸ் வாங்குறன். மீதிப் பாதி இருக்கட்டும். தீர்ப்பைக் கொண்டுபோய் எப்படிக் கொடுக்கிறது? அதைச் சொல்லி முடிங்க.

வாவிக்கரை | 21 மார்ச்

மீதிப் பாதியை வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வழக்கிலும் அது பொய்யென்று யாரும் சத்தியம் பண்ணமாட்டார்கள்.

தலைக்குறிப்பை மேற்கோள் காட்டாதீர்கள். எஸ்.எல்.ஆர். இல் தடித்த எழுத்தில் மேலே வருவது தொகுத்தவர் எழுதியது, நீதியரசர் எழுதியதல்ல. சில இடங்களில் தீர்ப்பைவிடக் கூடச் சொல்லும். முழுத் தீர்ப்பையும் பிரதி எடுங்கள், வேண்டிய பந்தியை ஓரத்தில் கோடிடுங்கள், மூன்று பிரதி: நீதிமன்றத்துக்கு, எதிர்ப்பக்கத்துக்கு, கையில். நடவடிக்கை தமிழில், தீர்ப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆகவே சமர்ப்பணத்தில் அந்தப் பந்தி சொல்வதை உங்கள் தமிழில் இரண்டு மூன்று வரியில் எழுதி, பக்க இலக்கம் போடுங்கள்.

அதற்குக் கீழே கட்டாயம் வேண்டியது: அந்த வழக்கின் சம்பவம் நாலு வரி, நம் வழக்கின் சம்பவம் நாலு வரி, எது ஒத்துப்போகிறது. யார் தகவல் கொடுத்தது, எப்போது வெளியேற்றம், காணி எப்படிப்பட்டது. இது இல்லாத சமர்ப்பணத்தில் பத்துத் தீர்ப்பின் பெயர் இருந்தாலும் நீதவான் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு தீர்ப்பு போதும். எதிராக இருக்கிற தீர்ப்பையும் நீங்களே வைத்து ஏன் பொருந்தாது என்று எழுதுங்கள். எதிர்ப்பக்கம் அதைக் கொண்டுவரத்தான் போகிறது.

அறிக்கையிடப்படாத தீர்ப்பு என்றால் வழக்கிலக்கமும் தீர்ப்புத் திகதியும் கட்டாயம். மேன்முறையீட்டு நீதிமன்ற இணையத்தளத்தில் இருந்து இறக்கியதென்றால், அதற்குமேல் உயர் நீதிமன்றம் போனதா, போய் என்ன ஆனது என்று பாருங்கள். விசேட அனுமதி மறுக்கப்பட்டது என்பதற்காக உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது என்று எழுதிவிட வேண்டாம்.

நிந்தவூரான் | 21 மார்ச், இரவு

66 கட்டளைக்கு மேன்முறையீடு இல்லை, 74(2). மீளாய்வுதான். மனுவோடு வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டும், அது கிடைக்கத்தான் நாள் எடுக்கும். கட்டளை வாசித்த அன்றே பிரதிக்கு விண்ணப்பம் போடுங்கள்.